பம்பாயை வளர்த்த சீன வணிகமும் இன்றைய நம் இறக்குமதியும்

செம்பூர் வாசுகி

தீபாவளி நெருங்கிவிட்டால் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் "சீன விளக்குச் சரங்களை வாங்காதீர்கள்" என்ற செய்தி தவறாமல் வந்துவிடுகிறது. அனுப்புகிறவர்களின் உணர்வை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் சீனா என்றதும் 1962 போர், கல்வான் எல்லை மோதல் என்ற இரண்டோடு பேச்சை முடித்துக்கொள்வது மும்பையில் வாழும் நமக்குப் பொருந்தாது. எல்லை தில்லியின் கவலை. துறைமுகம் நம்முடையது.

பைகுல்லாவில் ஜே.ஜே. மருத்துவமனையைக் கடந்து போகாதவர்கள் நம்மில் யார்? 1845இல் தொடங்கிய அந்த மருத்துவமனைக்குப் பணம் கொடுத்தவர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய். மாஹிமையும் பாந்த்ராவையும் இணைத்த காஸ்வே என்ற கடல்மேல் சாலைக்குக் கொடுத்தவர் அவருடைய மனைவி அவாபாய். பருத்தியும் அபினும் ஏற்றிக்கொண்டு சீனாவின் கான்டன் துறைமுகத்துக்குப் போன கப்பல்கள் கொண்டுவந்து சேர்த்த பணம் அது. 1805இல் ஜீஜீபாய் பயணம் செய்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அதே கப்பலில் மருத்துவராக இருந்தவர் வில்லியம் ஜார்டைன். அங்கே உண்டான நட்பு, பிற்காலத்தில் சீனாவுக்கு அபின் அனுப்பிய மிகப் பெரிய வணிக உறவுகளில் ஒன்றாக வளர்ந்தது. 1842இல் ஜீஜீபாய்க்குச் 'சர்' பட்டம் கிடைத்தது. இந்தியர் ஒருவர் பெற்ற முதல் நைட் பட்டம் அது. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் அபின் போரில் தோற்ற சீனா, நான்கிங் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு ஹாங்காங்கை விட்டுக்கொடுத்தது.

வங்காளத்தில் அபின் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகம். மேற்கே மால்வாவில், இந்தூர், குவாலியர் போன்ற சமஸ்தானங்களின் வயல்களில் விளைந்ததைக் கம்பெனியால் தடுக்க முடியவில்லை. ஆகவே 1830 வாக்கில், பெட்டிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிக்கொண்டு பம்பாய் வழியாகப் போக விட்டது. 1843இல் சிந்து பிரிட்டிஷார் கைக்கு வந்த பிறகு கராச்சி வழியும் அடைபட்டது. அதன்பின் மால்வா அபினுக்குப் பம்பாய்தான் வாசல். கொலாபாவில் நாம் மீன் வாங்கப் போகும் சசூன் டாக்கும் இந்த வணிகத்தில் தழைத்த ஒரு குடும்பத்தின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

இந்த இழையில் உங்கள் எல்லோரிடமும் என் கேள்வி இதுதான். இந்த நகரம் சீனாவுக்கு என்ன கொடுத்தது, என்ன வாங்கியது, யார் சம்பாதித்தார்கள், யார் இழந்தார்கள் என்று பார்க்காமல் இன்றைய இறக்குமதியைப் பற்றி நாம் தெளிவாகப் பேச முடியுமா?

லோஹார் சால் வணிகன்

அம்மா, நான் மின்சாதனக் கடை வைத்திருப்பவன். நீங்கள் சொல்லும் விளக்குச் சரமும் என் கடையில்தான் விற்கிறது. இன்றைய நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2024-25 நிதியாண்டில் சீனாவிலிருந்து நாம் இறக்குமதி செய்தது ஏறக்குறைய 11,345 கோடி டாலர். அங்கே அனுப்பியது 1,425 கோடி டாலர். வித்தியாசம் சற்றேறக்குறைய 9,900 கோடி டாலர். விளக்குச் சரமும் பொம்மையும் இந்தத் தொகையில் ஓர் ஓரம்தான். மின்னணு உதிரிபாகம், இயந்திரம், வேதிப்பொருள், சூரிய மின்தகடு, பேட்டரி செல் ஆகியவைதான் நடுவயிறு. "இந்தியாவில் தயாரிக்கப்பட்டது" என்று பெட்டியில் அச்சிட்ட எல்.இ.டி. பல்பைப் பிரித்துப் பாருங்கள். மூடியும் உடலும் வசாயிலோ பிவண்டியிலோ வார்த்ததாக இருக்கும். உள்ளே இருக்கும் சிப் கடல் கடந்து வந்தது. சரத்தைப் புறக்கணிப்பவர் அந்தப் பல்பை வாங்கிக்கொண்டு நிறைவோடு வீட்டுக்குப் போகிறார்.

சீனாவின் யிவூ மொத்த விற்பனைச் சந்தைக்குப் போய் வந்தவர்கள் எங்கள் தெருவில் பலர் உண்டு. அங்கே ஒரே பொருளை ஐந்து விலையில் கொடுப்பார்கள், ஐந்து தரத்தில். மலிவானதைக் கேட்டு வாங்கி வருபவர்கள் நாம்தான். பிறகு சீனச் சரக்கே மட்டம் என்று சொல்வதும் நாம்தான்.

ஆன்டாப் ஹில் சுபேதார்

வாசுகி அம்மா, எல்லை தில்லியின் கவலை என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நான் ஏற்கமாட்டேன். 2020 ஜூன் 15 அன்று கல்வானில் இறந்த இருபது பேரில் ஹவில்தார் பழனி ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். அந்த மாவட்டம் என் மாவட்டம். அந்தக் குளிரில் நின்றிருக்கிறேன். மூச்சு முட்டும் உயரத்தில் தண்ணீர்க் குழாய் உறைந்துபோகும் இடத்தில் காவல் நிற்பது தில்லிக்காரன் மட்டுமல்ல.

வணிகம் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 1954இல் சீனாவோடு பஞ்சசீல உடன்பாட்டில் கையெழுத்திட்டு எட்டு ஆண்டுகளில் போர் வந்தது. 2019 அக்டோபரில் மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுக்கு முன்னால் இரு நாட்டுத் தலைவர்களும் நின்றார்கள். எட்டே மாதங்களில் கல்வான் நடந்தது. உறவு நன்றாக இருப்பதாகத் தோன்றிய இரண்டு வேளைகளிலும் அடி விழுந்திருக்கிறது. பண்பாட்டையும் பழங்கதையையும் சொல்லி இதை மெழுகிவிடக் கூடாது.

கடல்வழி

சுபேதார் ஐயாவின் கோபத்தை மதிக்கிறேன். ஆனாலும் பழங்கதையைச் சொல்லத்தான் போகிறேன். அது மெழுகுவதற்குச் சொல்வதல்ல.

சோழர்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனாவின் சோங் அரசவைக்குத் தூது அனுப்பினார்கள். குலோத்துங்கன் காலத்துத் தூதுக்குழுவில் 72 பேர். திரும்பும்போது அவர்களுக்குக் கிடைத்தது 81,800 சரம் செப்புக்காசு. தூது என்ற பெயரில் நடந்தது பெரும்பாலும் வணிகமே என்று வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி எழுதினார். கொண்டுபோன பொருள்களைப் பாருங்கள்: கண்ணாடிப் பாத்திரம், கற்பூரம், யானைத் தந்தம், பன்னீர், பெருங்காயம், வெண்காரம், கிராம்பு. இவற்றில் எத்தனை சோழ நாட்டில் விளைந்தவை? கிராம்பு கிழக்கே மலுக்குத் தீவுகளில் விளைந்தது. பன்னீரும் பெருங்காயமும் மேற்கே பாரசீகப் பக்கத்துச் சரக்கு. நாகப்பட்டினம் நடுவில் நின்று வாங்கி விற்றது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு நம் வலிமை கடலின் நடுவிடத்தில் இருந்ததுதான்.

தென்கிழக்குச் சீனத்துச் சுவான்சோ துறைமுகத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. சக ஆண்டு 1203, சித்திரை மாதம், அதாவது கி.பி. 1281. குப்ளாய் கான் ஆண்ட காலம். செகசை கான் (குப்ளாயைக் குறிப்பதாகக் கருதுகிறார்கள்) திருமேனி நலமாக வேண்டும் என்று, அவருடைய பர்மானின்படி, அதாவது அரசாணையின்படி, சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவனை எழுந்தருளச் செய்தார் என்கிறது கல்வெட்டு. மங்கோலியர் ஆண்ட சீன நகரில், பாரசீகச் சொல்லான பர்மானோடு, தமிழில் எழுதிய சிவன் கோயில் கல்வெட்டு! படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. கோயில் இன்று இல்லை. அதன் தூண்களும் சிற்பங்களும் நகரின் கடல்சார் அருங்காட்சியகத்திலும், கைய்யுவான் பௌத்தக் கோயிலின் பின்புறத் தூண்களிலும் இருக்கின்றன. சுவான்சோவுக்கு அருகில் சேதியன் என்ற ஊரில், பழைய இந்துத் தெய்வச் சிற்பம் ஒன்றைக் குவான்யின் என்ற பௌத்தக் கருணைத் தெய்வமாக எண்ணி இன்றும் ஊர் மக்கள் வழிபடுகிறார்கள்.

இங்கே நாகப்பட்டினத்தில் மாலுமிகளுக்கு அடையாளமாக நின்ற, 'சீனக் கோபுரம்' என்று பெயர் பெற்ற பழைய பௌத்தக் கட்டடத்தை 1867இல் இடித்துவிட்டார்கள். சீனர் நம் கல்லைக் காப்பாற்றினார்கள், நாம் நம்முடையதையே காப்பாற்றவில்லை.

பரேல் செவிலி

வரலாற்றில் மன்னர்களும் வணிகர்களும் மட்டுமா வருவார்கள்? நான் பரேலில் செவிலியாகப் பணி செய்து ஓய்வு பெற்றவள். கே.இ.எம். மருத்துவமனையோடு இணைந்த ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் படித்தவர் துவாரகநாத் கோட்னிஸ். சோலாப்பூர்க்காரர். ஜப்பான் சீனாவைத் தாக்கிய நேரத்தில், காங்கிரஸ் அனுப்பிய ஐந்து மருத்துவர்களில் ஒருவராக 1938 செப்டம்பரில் இங்கிருந்து கப்பல் ஏறினார். மற்ற நால்வரும் திரும்பினார்கள். அவர் போர்முனையிலேயே தங்கி அறுவைச் சிகிச்சை செய்தார், அங்கே செவிலியாக இருந்த குவோ சிங்லானை மணந்தார், 1942 டிசம்பர் 9 அன்று 32 வயதில் இறந்தார். ஷிஜியாசுவாங் நகரில் அவருடைய கல்லறைக்கு இன்றும் மாலை வைக்கிறார்கள். சீனத் தலைவர்கள் மும்பைக்கு வரும்போது அவருடைய குடும்பத்தாரைச் சந்தித்த வழக்கமும் இருந்தது.

இளம் மருத்துவர்களிடம் இவர் பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியவில்லை. அபின் அனுப்பிய ஊர்தான் மருத்துவரையும் அனுப்பியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், வாசுகி அக்கா.

செம்பூர் வாசுகி

செவிலி அம்மா, மனமார்ந்த நன்றி. கட்டாயம் சேர்க்க வேண்டியது.

சுபேதார் ஐயா, எல்லையில் நின்றவர் சொல்லும்போது நான் வாதாட மாட்டேன். நீங்கள் சொன்ன இரண்டு ஆண்டுகளோடு இன்னொன்றையும் வைக்கிறேன். 1962 போரின்போது இந்தியாவில் பிறந்து வளர்ந்த சீன வம்சாவளியினர் ஏறக்குறைய மூவாயிரம் பேரை, பெரும்பாலும் அசாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும், ராஜஸ்தானின் தேவ்லி முகாமுக்கு ரயிலில் கொண்டுபோய் அடைத்தார்கள். சிலர் ஆண்டுக்கணக்கில் அங்கே இருந்தார்கள். மும்பையிலும் ஒரு சிறு சீனக் குடியிருப்பு இருந்தது. மாஜ்காவில் டாக்யார்டு ரோடு நிலையத்திலிருந்து சற்று நடந்தால் 1919இல் கட்டிய, குவான் குங் என்ற சீனத் தெய்வத்தின் கோயில் ஒரு வீட்டின் மாடியில் இன்றும் இருக்கிறது. கப்பல் துறையில் வேலை பார்த்தவர்கள் கட்டியது. அவர்களின் பிள்ளைகளில் பலர் 1962க்குப் பிறகு ஊரைவிட்டே போனார்கள். இரு அரசுகள் மோதிக்கொண்டதில் நம் பக்கத்து வீட்டுக்காரர் அகதியானார். நாட்டுப்பற்றோடு இதையும் நினைவில் வைக்கலாம்.

கடல்வழி தம்பி சொன்ன 'நடுவிடம்' என்பதைத்தான் நான் பிடித்துக்கொள்ளப் போகிறேன். அபினுக்குப் பிறகு பம்பாய் சீனாவுக்கு அனுப்பிய பெரிய சரக்கு நூல். 1854இல் காவஸ்ஜி தாவர் முதல் பஞ்சாலைக்கு வித்திட்டார். 1880களில் பரேலிலும் லால்பாகிலும் சுழன்ற கதிர்களில் பெரும்பங்கு முரட்டு நூல் நூற்றது. அது சீனக் கைத்தறியாளர்களுக்குப் போனது. இங்கே தைத்து உடுத்தியதைவிட அங்கே நெய்து உடுத்தியது அதிகமாக இருந்த ஆலைகள் உண்டு.

அந்தச் சந்தை எப்படிக் கைவிட்டுப் போனது? 1893இல் இந்திய அரசு நாணயச்சாலைகளில் வெள்ளியை நாணயமாக்கித் தருவதை நிறுத்தியது. ரூபாயின் மதிப்பு உயர்ந்தது. சீனாவோ வெள்ளியில் கணக்கு வைத்த நாடு, ஆகவே நம் நூல் அங்கே விலை ஏறியது. 1895இல் சீனாவைத் தோற்கடித்த ஜப்பான், ஷிமோனோசெகி ஒப்பந்தத்தின் வழியாகச் சீனத் துறைமுக நகரங்களிலேயே ஆலை வைக்கும் உரிமையைப் பெற்றது. 1896இல் பம்பாயில் பிளேக் வந்து தொழிலாளர்கள் ஊருக்கு ஓடினார்கள். இதற்கிடையில் 1893இலேயே பம்பாய்க்கும் கோபேக்கும் நேரடிக் கப்பல் ஓடத் தொடங்கியிருந்தது. ஜம்ஷெட்ஜி டாட்டா ஜப்பானியக் கப்பல் நிறுவனத்தோடு பேசி ஏற்படுத்திய வழி அது. அதில் நம் பருத்தி ஜப்பானுக்குப் போனது. ஜப்பானிய ஆலைகள் அதை நூலாக்கிச் சீனாவில் விற்றன. விளைச்சல் நம்முடையது, கூலியும் லாபமும் வேறு ஊருக்கு.

இன்று சீனாவுக்கு நாம் அனுப்பும் பட்டியலில் இரும்புத் தாதுவும் பருத்தி நூலும் இறாலும் இருக்கின்றன. அங்கிருந்து வருவது இயந்திரம். 1890களின் பாடம் தெரிந்திருந்தால் இந்தப் பட்டியலைப் பார்த்து நமக்குத் தூக்கம் வராது.

முலுண்ட் மருந்தாளன்

இந்த இடத்தில் என் துறையைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். உலகத்தின் மருந்தகம் என்று நம்மைச் சொல்கிறார்கள். மாத்திரையை அழுத்தி, அட்டையில் அடைத்து, உலகம் முழுவதும் அனுப்புவதில் நாம் திறமைசாலிகள், அதில் ஐயமே இல்லை. அந்த மாத்திரைக்குள் இருக்கும் மூலமருந்துக்கு வாருங்கள். நாம் இறக்குமதி செய்யும் மூலமருந்தில் ஏறக்குறைய 70 விழுக்காடு சீனாவிலிருந்து வருகிறது. சில ஆன்டிபயாட்டிக்குகளில் அதற்கும் மேல்.

எப்போதும் இப்படி இருந்ததா என்றால், இல்லை. புணேவுக்குப் பக்கத்தில் பிம்ப்ரியில் 1954இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ், யுனிசெஃபும் உலக சுகாதார நிறுவனமும் உதவ, பென்சிலினைத் தானே நொதிக்க வைத்துத் தயாரித்தது. பின்னர் தனியார் ஆலைகளும் வந்தன. 1990களில் இறக்குமதி வரி குறைந்ததும், சீனாவின் மாபெரும் நொதிகலன்கள் கொடுத்த விலைக்கு முன்னால் நம் ஆலைகள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டன. பென்சிலின்-ஜி என்பது ஒரு மருந்து மட்டுமல்ல, அமாக்சிசிலின் போன்ற பலவற்றுக்கு அதுவே மூலம். நொதிப்பு தொடர்ந்து ஓட வேண்டிய தொழில். மின்சாரமும் நீராவியும் சர்க்கரையும் மலிவாக, இடைவிடாமல் கிடைக்க வேண்டும். கழிவுநீரைச் சுத்திகரிக்கவும் வேண்டும். சீன மாகாண அரசுகள் இவை அத்தனையையும் ஒரே வளாகத்தில் ஏற்படுத்திக் கொடுத்தன. நாம் ஏற்படுத்தவில்லை. வேறு மர்மம் எதுவும் இதில் இல்லை.

2020இல்தான் விழித்தோம். மூலமருந்துக்கென்று 6,940 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் வந்தது. அதன் பயனாகக் காக்கிநாடாவில் பென்சிலின்-ஜி ஆலை 2024இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரு தலைமுறை இடைவெளிக்குப் பிறகு! எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த ஆலையின் சரக்கு சீனச் சரக்கைவிடச் சற்று விலை கூடுதலாக இருந்தாலும் நம் மருந்து நிறுவனங்கள் வாங்குமா? பத்துப் பைசா கூடினால் கொள்முதல் மேலாளர் முகம் சுளிக்கிறார். விளக்குச் சரத்தைப் புறக்கணிக்கச் சொல்லும் நிறுவன முதலாளிகள் முதலில் தங்கள் கொள்முதல் பட்டியலைத் திறந்து காட்டட்டும்.

ஆன்டாப் ஹில் சுபேதார்

மருந்தாளரே, நீங்கள் எழுதியது எனக்குத் துப்பாக்கியைப் போலவே முக்கியமாகப் படுகிறது. 2025 ஏப்ரலில் சீனா அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும் நம் வாகன ஆலைகள் பதறின. எதிராளியின் கையில் நம் மருந்தும் நம் காந்தமும் இருந்தால் பனிமலையில் நிற்கும் சிப்பாய்க்குப் பின்னால் யார் நிற்பது?

2024 அக்டோபரில் எல்லை ரோந்து பற்றி உடன்பாடு வந்தது, 2025இல் கைலாச யாத்திரை மீண்டும் தொடங்கியது, நேரடி விமானமும் பறக்கிறது. நல்லது. யாத்திரை போக வேண்டும் என்று என் மனைவிக்கும் ஆசை. ஆனால் எல்லையில் கண் மூடக் கூடாது, ஆலையிலும் மூடக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

டோம்பிவிலி நேயர்

எல்லோரும் சரக்கைப் பற்றியே பேசுகிறீர்கள். 1963இல், போர் முடிந்த மறு ஆண்டில், பீக்கிங் வானொலி தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. சிற்றலையில் நான் அதைக் கேட்டு வளர்ந்தவன். சீனர்களே தமிழ் கற்று, தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு, நாம் எழுதிய கடிதங்களைப் பெயர் சொல்லி வாசித்தார்கள். தமிழ்நாட்டு ஊர்களில் நேயர் மன்றங்கள் இருந்தன. அதில் அரசின் பிரசாரமும் உண்டு என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் பக்கத்து நாட்டின் மொழியைக் கற்றுக்கொள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் இருக்கை போட்டு, பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். இன்றும் பெய்ஜிங்கிலும் யுன்னானிலும் தமிழ் கற்பிக்கிறார்கள்.

சீன மொழியில் ஒரு செய்தித்தாளைப் படித்துப் பொருள் சொல்லக்கூடிய தமிழர்கள் நம்மில் எத்தனை பேர்? எதிராளி என்றாலும் நண்பன் என்றாலும் அவன் என்ன எழுதுகிறான் என்பதை அவன் மொழியிலேயே படிக்க வேண்டாமா? இதை ஆங்கிலப் பத்திரிகைகளிடம் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

லோஹார் சால் வணிகன்

நேயர் ஐயா சொன்னது வணிகத்திலும் உண்மை. யிவூவில் சீனக் கடைக்காரப் பெண்கள் இந்தியில் விலை பேசுவார்கள், குஜராத்தியில் எண்ணுவார்கள். நாம் அங்கே போய்க் கால்குலேட்டரைக் காட்டிப் பேசுகிறோம். மொழிபெயர்ப்பாளருக்குத் தரகு கொடுத்து, அவர் எந்தத் தொழிற்சாலைக்குக் கூட்டிப்போகிறாரோ அங்கேதான் சரக்கு எடுக்கிறோம்.

தாராவி அண்ணாச்சி

இழை முழுவதையும் படித்தேன். நான் தோல் பட்டறை நடத்துகிறவன். எங்கள் தகப்பனார் திருநெல்வேலியிலிருந்து வந்து இங்கே தொழில் கற்றவர். நீங்கள் சொல்லும் நூற்றாண்டுகள் எனக்குத் தெரியாது. பையைப் பற்றித் தெரியும்.

சீனப் பை வந்தபோது எங்களுக்கு அடி விழுந்தது உண்மைதான். சயான் சாலைக் கடைகளில் தோல் பைக்குப் பக்கத்திலேயே ரெக்சின் பையைத் தொங்கவிட்டார்கள், பாதி விலைக்கும் கீழே. 2015இல் மாநில அரசு காளை வெட்டத் தடை போட்டதும் தோல் வரத்தும் சுருங்கியது. இரண்டு பக்கமும் நெருக்கம். ஆனாலும் தொழில் சாகவில்லை. நல்ல தோலும் கைத்தையலும் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது என் பட்டறைக்கு வாருங்கள். தோல் சென்னையிலிருந்தும் கான்பூரிலிருந்தும் வருகிறது. கை நம்முடையது. ஜிப், ரன்னர், பக்கிள், காந்தப் பட்டன், உள்துணி எல்லாம் சீனச் சரக்கு. உள்ளூர் பக்கிளை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். முலாம் ஒரு மழைக்காலத்தில் கறுத்துவிட்டது, வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார். நாட்டுப்பற்றுக்காக நான் மட்டமான பக்கிளைப் போட்டால் என் பெயர்தான் கெடும். என் பையைத் திருப்பிக் கொடுத்தவர் நாளை சீனப் பைதான் வாங்குவார்.

வாசுகி அம்மா சொன்ன நூல் கதையில் எனக்குப் பிடிபட்டது இது: ஆலையை மூடிவிட்டுத் தரகு செய்தால் கொஞ்ச நாள் பணம் வரும். ஆகவே சுபேதார் ஐயாவிடமும் வணிகரிடமும் ஒன்று கேட்கிறேன். முலாம் பூசும் பட்டறை வைக்கக் கழிவுநீர் நிலையம் வேண்டும். தனியாக ஒருவரால் முடியாது. பக்கிளுக்கு அச்சு வெட்டத் தெரிந்தவர்கள் வசாயில் இருக்கிறார்கள். பத்துப் பட்டறைக்காரர்கள் சேர்ந்து ஆர்டர் கொடுத்தால் அவர்கள் அச்சு போடத் தயார் என்கிறார்கள். லோஹார் சாலில் உங்களுக்குத் தெரிந்த முலாம் பட்டறைக்காரர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நான் எங்கள் சந்தில் ஆள் சேர்க்கிறேன்.

லோஹார் சால் வணிகன்

அண்ணாச்சி, சுவிட்ச் பெட்டிக்கு நிக்கல் முலாம் போடும் ஒருவர் பால்கரில் இருக்கிறார். கழிவுநீர் ஏற்பாடும் அவரிடம் இருக்கிறது. பக்கிள் செய்ததில்லை. மாதிரி ஒன்றைக் கொடுத்துவிடுங்கள், இந்த வாரமே காட்டிவிட்டு விலையை இங்கே எழுதுகிறேன். சீனச் சரக்கின் விலையையும் பக்கத்திலேயே எழுதுகிறேன், எல்லோரும் பார்க்கட்டும்.